பனிமனிதன்: உருகுதலும் எஞ்சுதலும்

நத்தார் காலத்திலே குடும்பத்தோடு இருந்து பார்ப்பதற்கென ஆக்கப்படும் சித்திரப்படங்களுக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு. படத்தின் நடுவிலே எது பறிபோயினும், படம் முடிவதற்குள் அது திரும்பி வந்துவிடல் வேண்டும் என்பதே அவ்விதி. 1966ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே காட்டப்பட்ட 'கிறிஞ்ச்' கதையில், ஊராரின் பரிசுப்பொருள்களை எல்லாம் இரவோடிரவாகக் கவர்ந்து சென்றவன் மறுநாள் அவற்றைத் தானே கொண்டுவந்து ஒப்படைக்கிறான். அதற்கு முந்திய ஆண்டிலே வெளிவந்த சார்லி பிரவுண் படத்தில், எல்லோராலும் எள்ளப்பட்ட நோஞ்சான் மரமொன்று நண்பர்களின் கைபட்டுப் பொலிவு பெறுகிறது. 1969ஆம் ஆண்டின் 'ஃபுறொஸ்ரி' இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. செடிவளர்க்கும் கண்ணாடி வீட்டினுள் அகப்பட்டு நீராய் உருகிப்போன பனிமனிதனை நத்தார் பாப்பா வந்து மீட்டும் எழுப்பிவிடுகிறார். அவன் சாதாரண பனியினாலன்றி நத்தார்ப் பனியினால் ஆனவன் என்றும், ஆதலால் அவன் முற்றாக அழிந்துவிடமாட்டான் என்றும் காரணமும் கூறுகிறார். அழுத சிறுமி தேறுகிறாள். பார்த்திருந்த பிள்ளைகளும் தேறிப் படுக்கைக்குச் செல்கின்றனர்.

இந்த விதியை நன்கறிந்திருந்தும் அதற்கு இணங்க மறுத்த படம் ஒன்று இங்கிலாந்திலே தோன்றியது. 1982ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, அப்பொழுது ஆரம்பமாகி இரண்டு மாதங்கூட நிறைவுறாதிருந்த நான்காம் அலைவரிசையிலே ஒளிபரப்பாகிய 'த ஸ்னோமன்' என்னும் பனிமனிதன் பற்றிய படமே அது. ஏறத்தாழ இருபத்தாறு நிமிடங்களே ஓடும் அச்சிறுபடம் அன்று தொட்டு நத்தார் காலந்தோறும் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டு வருகின்றது. நெஞ்சிற்கு இதமளிக்கும் குடும்பப்படம் என்றே யாவரும் அதனைக் குறிப்பிடுவர். அவ்வாறு குறிப்பிடுவோர் அதன் கடைசி ஒரு நிமிடத்தை மறந்துவிட்டனரோ என்று சில வேளைகளில் ஐயுற வேண்டியுள்ளது.

கதை மிகவும் எளியது. பனி பெய்து விடிந்த ஒரு நாளிலே சிறுவனொருவன் வீட்டின் முன்னே பனிமனிதன் ஒன்றை ஆக்குகிறான். நிலக்கரித் துண்டுகள் கண்களாகின்றன. சிறு தோடம்பழம் ஒன்று மூக்காகின்றது. பழைய தொப்பியும் கழுத்துச் சால்வையும் அணிவிக்கப்படுகின்றன. இரவிலே உறக்கம் வராது எழுந்து பார்க்கையில் பனிமனிதன் உயிர்பெற்று நிற்கிறான். தொப்பியைக் கழற்றி வணக்கம் கூறுகிறான். சிறுவன் அவனை வீட்டினுள்ளே அழைத்துச் சென்று தன் உலகத்தைக் காட்டுகிறான். பின்னர் பனிமனிதன் சிறுவனை வெளியே அழைத்துச் சென்று வான்வழியே தன் உலகத்தைக் காட்டுகிறான். விடியுமுன் இருவரும் திரும்புகின்றனர். காலையிலே வெயில் எறிக்கிறது. சிறுவன் ஓடிவந்து பார்க்கும்போது தொப்பியும் சால்வையும் தோடம்பழமும் கரித்துண்டுகளும் ஒரு சிறு பனிக்குவையின்மேற் கிடக்கின்றன. அவ்வளவுதான். நத்தார் பாப்பா வரவில்லை. எவரும் வரவில்லை.

இப்படத்தின் மூலம் றேமண்ட் பிறிக்ஸ் என்பவர் 1978ஆம் ஆண்டிலே வெளியிட்ட படநூலாகும். அவர் 1934இல் இலண்டனிலே பிறந்தவர். தந்தையார் வீடுவீடாகப் பால் கொண்டுசென்று கொடுப்பவர். தாயார் மணமாகுமுன் செல்வர் வீட்டிலே பணிப்பெண்ணாக இருந்தவர். கலைக்கல்லூரியிலே பயின்ற மகன், தம் பெற்றோரின் வர்க்கத்தை மறந்து எழுதியவரல்லர். 1973ஆம் ஆண்டிலே அவர் வரைந்த நத்தார் பாப்பா விண்ணிலிருந்து இறங்கும் தெய்விகக் கிழவர் அல்லர். குளிரிலே விழித்தெழுந்து, காலநிலையைத் திட்டி, புகைபோக்கிகளை நொந்துகொண்டு, ஓரிரவு வேலையை ஒருவாறு முடித்து வீடுவந்து சேரும் தொழிலாளி. மழையென்றும் பனியென்றும் பாராது விடியற்காலையிலே பால்வண்டியோடு புறப்பட்ட தந்தையாரின் சாயலை அவ்வுருவத்திலே இனங்காணல் எளிது.

அவ்வாண்டுகள் பிறிக்ஸின் வாழ்க்கையிலே கொடியவை. 1971ஆம் ஆண்டிலே சில மாத இடைவெளியில் தாயும் தந்தையும் இறந்தனர். 1973ஆம் ஆண்டிலே மனைவி இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஐந்தாண்டுகளின் பின்னர் 'பனிமனிதன்' வெளிவந்தது. ஆயினும் கலைஞனின் துயரத்தையும் அவனது படைப்பையும் ஒன்றுக்கொன்று சமன்படுத்திக் கணக்குப் பார்த்துவிடுதல் விமர்சனமாகாது. நூல் பிறந்தமைக்குப் பிறிக்ஸ் கூறிய காரணம் முற்றிலும் தொழில் சார்ந்தது. 1977இல் வெளிவந்த தமது முந்திய நூலிலே சேறும் சளியும் நாற்றமும் நெருக்கமான எழுத்துக்களுமாக இரண்டாண்டு காலம் உழன்று சலித்தமையால், சுத்தமானதும் சொற்களே இல்லாததுமான ஒன்றைச் செய்ய விரும்பியதாக அவர் கூறியுள்ளார். மையினால் எல்லைக்கோடு இடாமல், வண்ணப் பென்சில்களால் மட்டும் மெதுமையாகத் தீட்டப்பட்ட படங்கள் அவை. ஆனால் உருகுதலைப் பற்றி வினவப்பட்டபோதெல்லாம் அவர் ஒன்றையே வற்புறுத்தினார். இன்பமான முடிவுகளை அவர் செய்பவரல்லர். பனிமனிதன் உருகுகிறான், பெற்றோர் இறக்கின்றனர், பூவும் விலங்கும் இறக்கின்றன, இதிலே சோகமென்று தனியாகக் கொள்வதற்கு எதுவுமில்லை என்பதே அவரது கருத்து. பிள்ளைகளிடமிருந்து அதனை மறைக்க வேண்டுமென்று அவர் கருதவில்லை.

நூலிலே நத்தார் என்ற பேச்சே இல்லை என்பது இவ்விடத்திலே மனங்கொள்ளத்தக்கது. அங்கே மரமில்லை, பாப்பா இல்லை, பரிசில்லை. சிறுவனும் பனிமனிதனும் பறந்துசென்று பிறைற்றன் கடற்கரையின் இறங்குதுறையை அடைகின்றனர். சூரியன் உதிக்குமுன் திரும்புகின்றனர். சசெக்ஸ் பகுதியிலே, தெற்குக் குன்றுகளின் அடிவாரத்தில் பிறிக்ஸ் வாழ்ந்த வீடே சிறுவனின் வீடு. அவ்வீட்டிலிருந்து பிறைற்றன் சில மைல் தூரமே. எனவே நூலின் பயணம் அயலூர்ப் பயணந்தான். படமாக்கியோர் அதனை வடதுருவம் வரை நீட்டினர். பனிமனிதர்கள் கூடி ஆடும் விருந்தும், நத்தார் பாப்பாவும், அவர் சிறுவனுக்கு அளிக்கும் நீலநிறக் கழுத்துச் சால்வையும் படத்திலேதான் தோன்றுகின்றன. தம்முடைய கதைக்கும் நத்தாருக்கும் தொடர்பில்லை என்றும், அதனை இழுத்துச் சேர்த்தமை மலினமாகத் தோன்றியது என்றும் பிறிக்ஸ் கருதினார். ஆயினும் அது நன்றாகவே பொருந்திவிட்டதென்று பின்னர் ஒப்புக்கொண்டார். பிடிவாதக்காரரெனப் பெயரெடுத்த ஒருவர் இவ்வாறு ஒப்புக்கொண்டமை சிறு செய்தியன்று.

படத்தைத் தயாரித்தவர் ஜோன் கோட்ஸ். நெறிப்படுத்தியவர் டயான் ஜக்சன். பீற்றில்ஸ் குழுவினரின் பாடல்களைக் கொண்டு 1968இல் வெளிவந்த 'மஞ்சள் நீர்மூழ்கி' என்ற சித்திரப்படத்திலே பணியாற்றியோர் இவ்விருவரும். ஆனால் அப்படத்தின் கூரிய கோடுகளும் பளிச்சிடும் வண்ணங்களும் இங்கே உதவமாட்டா. சித்திரப்படக் கூடங்களின் வழமையான முறை வேறு. தெளிந்த தாள்களிலே உருவத்தின் எல்லைக்கோட்டை வரைந்து, உள்ளே ஒரே சீரான வண்ணத்தை நிரப்புவர். அசைவு இலகுவாகும், ஆனால் பென்சிலின் மென்மை அழிந்துபோகும். ஜக்சனின் குழுவினர் ஒவ்வொரு படத்தையும் வண்ணக்கட்டிகளாலும் பென்சில்களாலும் கையாலே நிழலிட்டுத் தீட்டினர். ஒரு தீட்டல் அடுத்ததைப் போன்று அச்சொட்டாக அமைவதில்லை. ஆதலால் திரையிலே உருவங்களின் மேற்பரப்பு ஓயாமல் மெல்லென நடுங்கிக்கொண்டேயிருக்கிறது. தொழில்நுட்ப நோக்கிலே இது ஒரு குறை. ஆனால் அந்நடுக்கமே பனிமனிதனின் உடலை ஒரு கணமும் உறுதியாக நிற்கவிடாது வைத்திருக்கிறது. அவன் நிலையற்றவன் என்பதைப் படம் தொடங்கிய கணத்திலிருந்தே கண் அறிந்துகொள்கிறது, மனம் பிந்தித்தான் அறிகிறது. பறக்கும் பகுதியிலோ நிலமே பார்வைக் கோணத்திற்கேற்ப மாறிமாறி வரையப்பட்டுள்ளது. பின்னணி ஓவியமொன்றை உருவங்களின் பின்னே இழுத்துச் செல்லும் சிக்கன முறையை அங்கே காணமுடியாது. குன்றுகள் சாய்கின்றன, வீட்டுக்கூரைகள் திரும்புகின்றன, பார்ப்பவனின் வயிற்றிலே ஒரு வெறுமை தோன்றுகிறது.

கதையின் போக்கிலே சொற்கள் முற்றாக விலக்கப்பட்டிருக்கின்றன. முதற் காட்சியிலே பிறிக்ஸ் தாமே வயல்வழியே நடந்துவந்து சில வார்த்தைகள் கூறுகிறார். பின்னர் எவரும் பேசுவதில்லை. அமெரிக்க ஒளிபரப்பைக் கருதி இம்முன்னுரையை மாற்றி, பாடகர் டேவிட் போவி பரணிலே அச்சால்வையைக் கண்டெடுப்பதாக வேறொரு தொடக்கமும் ஆக்கப்பட்டது. அது சந்தையின் தேவை. அதைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. சொற்களின் இடத்தை இசை நிரப்பவேண்டும் என்று வாதிட்டவர் இசையமைப்பாளர் ஹவார்ட் பிளேக். அவர் பல ஆண்டுகளுக்கு முன்னரே கடற்கரையிலே தம் மனத்தில் எழுந்த மெட்டொன்றை உரிய இடம் வாய்க்கும்வரை கைவசம் வைத்திருந்தார். வானிலே நடத்தலைப் பற்றிய, இன்று உலகறிந்த அப்பாடல் இப்படத்திலேதான் தன் இடத்தைக் கண்டது. படத்திலே சொல்லோடு கூடிய பகுதி அது ஒன்றே.

அப்பாடலின் வரலாறு படத்தின் கதையையே ஒத்திருப்பது வியப்புக்குரியது. பாடியவன் பீற்றர் ஓற்றி என்னும் சிறுவன். அவன் இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் பாடகர் குழாத்தைச் சேர்ந்தவன். படத்தின் பெயர்ப்பட்டியலிலே அவனது பெயர் இடம்பெறவில்லை. மூன்றாண்டுகளின் பின், 1985ஆம் ஆண்டிலே விளம்பரமொன்றின் பொருட்டு அப்பாடலை மீண்டும் ஒலிப்பதிவு செய்ய முற்பட்டபோது ஓற்றியின் குரல் உடைந்துவிட்டது. வேல்ஸ் நாட்டுச் சிறுவனான அலெட் ஜோன்ஸ் அதனைப் பாடினான். அவ்விசைத்தட்டு பிரித்தானியாவின் விற்பனை வரிசையிலே ஐந்தாம் இடத்தை அடைந்தது. பாடியவன் ஜோன்ஸே என்று மக்கள் நம்பலாயினர். இன்றும் பலர் அவ்வாறே நம்புகின்றனர். ஜோன்ஸின் குரலும் அதிக காலம் நிலைக்கவில்லை. ஆண்பிள்ளையின் உச்சத்தாயிக் குரல் ஒரு சில ஆண்டுகளே இருக்கும். அது பழகப் பழகத் தெளிவடைந்து, மிகச் சிறந்த நிலையை அடையும் காலத்திலே போய்விடும். வேறெந்த இசைக்கருவிக்கும் இத்தகைய விதி இல்லை. பனிமனிதனின் பாடலைப் பெண்குரலிலோ வாத்தியத்திலோ அமைத்திருப்பின் இனிமை குறைந்திராது. ஆனால் வேறு ஏதோ ஒன்று இல்லாமற் போயிருக்கும். ஓற்றி பிற்காலத்திலே இசைநாடகப் பாடகராக, வளர்ந்த ஆணின் குரலோடு மீண்டும் மேடையேறினார் என்பது ஆறுதலான செய்தி.

இனி, வீட்டினுள்ளே நடைபெறும் காட்சிகளை நோக்கலாம். விமர்சகர்கள் பெரும்பாலும் பறத்தலையே வியந்து பேசுவர். உண்மையிலே படத்தின் உயிர்நிலை வீட்டினுள்ளேதான் இருக்கிறது. பனிமனிதன் கணப்பின் நெருப்பைக் கண்டு அஞ்சிப் பின்வாங்குகிறான். சமையலறையிலே பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மூக்கிற்குப் பொருத்திப் பார்க்கிறான். பெற்றோர் உறங்கும் அறையினுள் அடிமேல் அடிவைத்து நுழைந்து, கிண்ணத்து நீரிலே கிடக்கும் தந்தையாரின் பொய்ப்பற்களை வாயிலே மாட்டிச் சிரிக்கிறான். உறைகுளிர்ப் பெட்டியைக் கண்டதும் அதனுள்ளே படுத்துச் சுகங்காண்கிறான். பிள்ளைகள் சிரிக்கும் இடம் இது. ஆனால் இச்சிரிப்புகள் ஒவ்வொன்றினுள்ளும் முடிவு ஒளிந்திருக்கின்றது. கணப்பு அவனைக் கொல்லும். பெட்டி அவனைக் காக்கும். அப்பெட்டியினுள்ளேயே இருந்திருப்பின் அவன் உருகியிருக்கமாட்டான், பறந்திருக்கவும் மாட்டான். டென்மார்க்கின் அன்டர்சன் 1861ஆம் ஆண்டிலே எழுதிய கதையிலே பனிமனிதனொருவன் வீட்டினுள் எரியும் அடுப்பின்மீது காதல்கொண்டு ஏங்குகிறான். அவன் உருகிய பின்னரே, அவனுடலின் நடுவே நாட்டப்பட்டிருந்தது அடுப்புக்கிளறும் கோல் என்பது தெரியவருகின்றது. பிறிக்ஸின் பனிமனிதனுக்கு அத்தகைய காதல் இல்லை. அவனை அழிவின் அருகே கொண்டுசெல்வது வெறும் ஆவல். சிறுவனின் உலகம் எத்தகையது என்று அறியும் ஆவல்.

முடிவுக்கு வருவோம். வெயிலிலே பனிக்குவையின் முன் நிற்கும் சிறுவன் தன் மேலங்கிப் பையினுள் கைவிடுகிறான். நத்தார் பாப்பா கொடுத்த சால்வை அங்கே இருக்கிறது. அதனைக் கையிலேந்தி மண்டியிடுகிறான். படம் முடிகிறது.

அச்சால்வையை ஒரு சலுகையென்று கருதுவோர் உண்டு. நூல் முகம் தெரியாது நிற்கும் சிறுவனோடு முடிந்துவிட, படமோ பார்ப்போரின் மனம் நோகாதிருக்க ஒரு பரிசை விட்டுச்செல்கிறது என்பர். இக்கருத்து மேலோட்டமானது. சால்வை இல்லையாயின் யாவற்றையும் கனவென்று கொள்ளலாம். கனவிலே வந்தவன் மறைந்தால் அது இழப்பன்று, விழிப்பு. தாய்மார் அவ்வாறு கூறியே பிள்ளைகளைத் தேற்றுவர். சால்வை அந்த ஆறுதலைப் பறித்துவிடுகிறது. இரவு நிகழ்ந்தது உண்மை என்று அது சான்று பகர்கிறது. அந்த இரவு உண்மையாயின் உருகியவனும் உண்மையானவனே. தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களங்கள் நான்கனுள் இழவையும் ஒன்றாக வைத்தார். இழப்பதற்கு முன்னர் உடைமை வேண்டும். உடைமையை மறுக்கமுடியாதபடி நிறுவும் பொருளே அச்சால்வை. வியாபாரத் தேவைக்காகச் சேர்க்கப்பட்ட நத்தார், கதையின் கூரை மழுக்குவதற்குப் பதிலாகத் தீட்டிவிட்டது. படமாக்கியோர் இதனை எண்ணிச் செய்தனரோ இல்லையோ, திரையிலே நிகழ்வது அதுவே.

பனியைக் கண்ணாலும் கண்டறியாத நாட்டவனுக்கும் இக்காட்சி விளங்குவதற்குக் காரணம் இதுவாகலாம். உருகுதல் குளிர்நாட்டு அனுபவம். கையிலே ஒரு பொருள் மிஞ்சியிருத்தல் எந்நாட்டவர்க்கும் பொது. இறந்தவரின் மூக்குக்கண்ணாடியை மேசை இழுப்பறையிலே வைத்திருக்காத வீடு எங்கே உண்டு?

ஒரு செய்தியை இவ்விடத்தே விட்டுவிட முடியாது. படம் ஒளிபரப்பான அதே 1982ஆம் ஆண்டிலே பிறிக்ஸ் மற்றொரு படநூலை வெளியிட்டார். அணுக்குண்டு வீழ்ந்தபின் ஓய்வுபெற்ற முதிய தம்பதியர் இருவர் அரசாங்கத் துண்டுப்பிரசுரத்தின் அறிவுரைகளை ஒழுங்காகப் பின்பற்றியவாறே கதிர்வீச்சினால் மெல்ல மெல்லச் சாகும் கதை அது. அவர்கள் நல்லவர்கள், அதிகாரத்தை நம்புபவர்கள். 1986இல் அதே கோட்ஸின் கூடம் அதனையும் திரைப்படமாக்கியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஒரு வேறுபாட்டைக் காண்பர். பனிமனிதனைக் கொன்றவர் எவருமில்லை. வெயில் எறித்தது, அவ்வளவே. முதிய தம்பதியரின் மரணமோ மனிதர் கூடித் திட்டமிட்டு ஆக்கியது. இயற்கையான முடிவின் முன்னே மண்டியிடவும், செயற்கையான முடிவின் முன்னே சினங்கொள்ளவும் பிறிக்ஸ் தம் வாசகரைப் பழக்கினார். ஒன்றுக்குரியதை மற்றதற்குச் செய்யும்படி அவர் ஒருபோதும் கேட்கவில்லை.

புகழின் பின்விளைவுகளும் வந்தன. படம் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. பரிசு போலந்து நாட்டவர் ஒருவரின் 'ராங்கோ' என்ற குறும்படத்திற்குச் சென்றது. பனிமனிதன் தேநீர்க் கோப்பையிலும் காலுறையிலும் பிஸ்கற் தகரத்திலும் சிரிக்கத் தொடங்கினான். உருகுவதற்கென்றே பிறந்தவன் கடைத்தட்டிலே நிரந்தரமானான். பிள்ளைகளின் பழைய பனிமனிதர்களும் நத்தார் முடிந்ததும் பாதிவிலைக்கு விற்கப்படுகின்றனர் என்று ஏளனம் செய்தல் எளிது. ஆயினும் ஒரு மணிப்பொழுதைக்கூட முழுமையாக எடுத்துக்கொள்ளாத ஒரு படத்தை மூன்று தலைமுறையினர் ஒரே அறையிலிருந்து பார்ப்பதற்கு அச்சந்தையும் ஓரளவு காரணம் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

டயான் ஜக்சன் 1992ஆம் ஆண்டின் கடைசி நாளிலே காலமானார். முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2012 டிசெம்பரிலே, பிறிக்ஸின் இசைவோடு 'பனிமனிதனும் பனிநாயும்' என்ற தொடர்ச்சி ஒளிபரப்பாகியது. அது வெளிவரக் காணாமலே கோட்ஸ் அவ்வாண்டில் இறந்தார். பிறிக்ஸ் 2022 ஓகஸ்ட் மாதம் மறைந்தார். தொடர்ச்சியை முதலாவதற்கு நிகரானதெனக் கூறமுடியாது. அதிலே பழைய விதி மீண்டும் தலைகாட்டுகிறது. சிறுவனொருவனின் நாய் இறக்கிறது. பனியினால் ஆக்கிய நாய் நத்தார் பாப்பாவின் பரிசினால் உண்மையான நாயாகிவிடுகிறது. உடனிருந்த பனிமனிதன் மாத்திரம் உருகுகிறான். பாதி மீட்சி, பாதி இழப்பு என்று பங்குபோட்ட அம்முடிவைப் பழைய படத்தை நேசித்தோர் பலர் விரும்பமாட்டார்.

ஆயினும் அதன் தொடக்கத்திலே ஒரு காட்சி உண்டு. அதே வீடு, புதிதாகக் குடிவந்த வேறொரு சிறுவன். அவன் தன் அறையின் தரைப்பலகையொன்று தளர்ந்திருப்பதைக் கண்டு அதனைப் பெயர்த்துப் பார்க்கிறான். கீழே ஒரு பெட்டி. அதனுள்ளே பழைய தொப்பி ஒன்று, சால்வை ஒன்று, சில நிலக்கரித் துண்டுகள், சுருங்கிக் காய்ந்துபோன ஒரு தோடம்பழம். முதற்படம் முடிந்தபோது மண்டியிட்டிருந்தவன் எப்பொழுதோ எழுந்து, பனிக்குவையிலே கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பழத்தைக்கூட விடாது, எடுத்து வைத்திருக்கிறான்.